வால் சொல்லும் திசை: ஆங்கிலத்தில் போவதும் வருவதும்

போன ஆண்டு எனக்கு நடந்த ஒரு சம்பவத்தோட இந்தப் பாடத்தைத் தொடங்குறேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனால் இதைச் சொல்லாமல் பாடம் புரியாது.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். பிராக்டிக்கலுக்காகக் கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்து வாரம் இருந்தேன். இரண்டாவது வாரம் ஒரு லோரியில் பெரிய பம்ப் மோட்டார் வந்தது. இறக்கும் வேலையைப் பார்த்துக்கிட்டவர் ஒரு வெளிநாட்டுப் பொறியாளர். லோரியை ஓட்டி வந்தவர் நம்ம தமிழ் அண்ணன். நடுவில் நான். இவர் சொல்றதை அவர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான் என் வேலை.

லோரி ஒரு மேட்டைப் பார்த்து நின்னுச்சு. பொறியாளர் என்னிடம், "டெல் ஹிம் டு பேக் அப் எ பிட்" என்றார். என் காதில் 'அப்' மட்டும் கெட்டியாக விழுந்தது. 'அப்' என்றால் மேலே. மேடு முன்னால் இருக்கு. 'அப்ப மேட்டுல ஏத்தச் சொல்றாரு போல' என்று நினைத்தேன். ஒரு நொடி சந்தேகம் வந்தது. கேட்டிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பையன், எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் 'ஏ' வாங்கினவன், 'பேக் அப்'னா என்னன்னு எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் முன்னால ஏத்துங்க!" என்று கத்தினேன்.

லோரி முன்னால் நகர்ந்தது. லோரியின் மூக்குக்குக் கீழே ஒரு டெக்னீஷியன் குனிந்து ஏதோ அளந்துக்கிட்டு இருந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவரைப் பார்க்க முடியாது. சத்தம் கேட்டு அவர் பக்கவாட்டில் பாய்ந்துட்டார். அவருடைய கருவிப் பெட்டி டயருக்கு அடியில் போய்த் தகடாக நசுங்கியது. அவர் பாயாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்னைக்கும் எனக்குக் கை சில்லிடுது.

எல்லாம் அடங்கின பிறகு லோரி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. "ஏன் தம்பி, 'கோஸ்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே பின்னால போயிருப்பேனே. புரியலன்னா அவரையே திருப்பிக் கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

அன்று இரவு அந்த 'கோஸ்தான்' என்னைத் தூங்கவிடவில்லை.

கோஸ்தானும் ஆங்கிலம்தான்

மலேசியாவில் இந்தச் சொல் தெரியாதவங்க உண்டா? தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருமே காடியைப் பின்னால் எடுக்க 'கோஸ்தான்' என்றுதான் சொல்றோம். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இது 'கோ அஸ்டர்ன்' என்ற ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது. கப்பலின் பின்பகுதி 'ஸ்டர்ன்'. கப்பலைப் பின்னோக்கிச் செலுத்து என்பதுதான் 'கோ அஸ்டர்ன்'. கப்பல்காரர்களிடமிருந்து துறைமுகத்துக்கு வந்து, துறைமுகத்திலிருந்து தெருவுக்கு வந்துடுச்சு.

கவனிங்க. 'கோ' என்பது ஒரு சாதாரண வினைச்சொல். பின்னால் ஒட்டிய 'அஸ்டர்ன்' திசையைச் சொல்லுது. நான் தடுமாறின 'பேக் அப்' மாதிரியே இதுவும் இரண்டு துண்டாக வந்த நகர்வுச் சொல்தான். நம்ம தாத்தாக்கள் இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. வண்டி பின்னால் போகிறப்போ காதில் விழுந்தது, அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. நான் ஐந்தாம் படிவத்தில் இருநூறு கூட்டு வினைகளை எழுதி எழுதிப் படிச்சவன். வேலையிடத்தில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

ஆகவே இந்தப் பாடத்தில் பட்டியல் இல்லை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். கண்ணால் படிக்காதீங்க, வாய்விட்டுச் சொல்லுங்க. இது காதுக்கான பாடம்.

திசை எங்கே உட்கார்ந்திருக்கு?

தமிழில் ஏறு, இறங்கு, நுழை, திரும்பு, கட என்று சொல்கிறோம். 'ஏறு' என்ற ஒரே சொல்லுக்குள் நகர்வும் இருக்கு, மேல்நோக்கிய திசையும் இருக்கு. மலாயிலும் அப்படித்தான்: நாய்க், தூருன், மாசுக், கெலுவார். ஒரு சொல், ஒரு திசை.

அன்றாட ஆங்கிலம் அப்படி இல்லை. 'கோ' என்பதில் திசை கிடையாது. 'கோ அப்' என்றால் ஏறு, 'கோ டவுன்' என்றால் இறங்கு, 'கோ இன்' என்றால் நுழை, 'கோ பேக்' என்றால் திரும்பிப் போ. திசை பின்னால் ஒட்டும் குட்டிச் சொல்லில் இருக்கு. நான் அதை 'வால் சொல்' என்று கூப்பிடுவேன். லியோனார்ட் தால்மி என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் உலக மொழிகளை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கார்: திசையை வினைக்குள் வைக்கும் மொழிகள், வினைக்கு வெளியே வைக்கும் மொழிகள். தமிழ் முதல் வகை, ஆங்கிலம் இரண்டாவது வகை. ஆகவே நாம் தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை. நம்ம காது வினையில் திசையைத் தேடிப் பழகினது. ஆங்கிலத்தில் அது வாலில் இருக்கு.

சரி, திசை வாலுக்குப் போயிட்டா முதல் சொல்லுக்கு என்ன வேலை? எப்படி நகர்ந்தோம் என்று அது சொல்லும். 'த டாக் ரேன் இன்' என்றால் நாய் ஓடி உள்ளே வந்தது. 'த டாக் கிராள்ட் அவுட்' என்றால் நாய் தவழ்ந்து வெளியே வந்தது. இயற்பியலில் வெக்டர் படிச்சிருப்பீங்க. அளவு ஒன்று, திசை ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வெக்டர். இங்கேயும் அதே கதைதான். வாக், ரன், ரஷ், கிராள் என்ற நாலு சொல்லையும் இன், அவுட், அப், டவுன், பேக் என்ற ஐந்து வாலையும் எடுத்துக்குங்க. நாலு பெருக்கல் ஐந்து, இருபது வினைகள். ஒன்பது சொல் தெரிந்தால் போதும்.

இன்னொரு பயனும் உண்டு. என்டர், ரிட்டர்ன், அசென்ட், டிசென்ட் போன்ற சொற்கள் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. அவை தமிழ்ச் சொல் மாதிரி திசையை உள்ளேயே வைத்திருக்கு. அதனால்தான் 'ரிட்டர்ன் பேக்' தவறு. ரிட்டர்னுக்குள் பேக் ஏற்கனவே இருக்கு. 'என்டர் இன்டு த ரூம்' என்பதும் அதே தவறு. 'என்டர் த ரூம்' அல்லது 'கோ இன்டு த ரூம்' என்று சொல்லுங்க.

ஏறுவதும் இறங்குவதும்

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். தமிழில் பஸ்ஸிலும் ஏறுவோம், காடியிலும் ஏறுவோம், மோட்டாரிலும் ஏறுவோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கும்.

உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்த வண்டி என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் அடங்கும். 'வி காட் ஆஃப் த டிரெயின்.'

குனிந்து உள்ளே நுழைந்து உட்காரும் வண்டி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. காடி, டாக்சி இந்த வகை. சின்ன சம்பானும் இதில்தான் வரும். 'ஷி காட் அவுட் ஆஃப் த கார்.'

கால் போட்டு உட்காரும் வண்டி என்றால் மறுபடியும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. மோட்டார், சைக்கிள், குதிரை.

'கோ டவுன் த கார்' என்று சொல்றவங்களை நீங்க கேட்டிருப்பீங்க. 'தூருன் கெரேத்தா' என்ற மலாயும் 'காடியிலிருந்து இறங்கு' என்ற தமிழும் சேர்ந்து செய்த வேலை அது. நமக்குள் பேசும்போது புரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

சென்ட், ஃபாலோ, கோ பேக்

இந்த மூன்றும் மலேசிய ஆங்கிலத்தின் செல்லப் பிள்ளைகள்.

'மை ஃபாதர் சென்ட் மீ டு காலேஜ்' என்று நாம் சொன்னால், வெளியூர்க்காரருக்கு அப்பா பணம் கட்டிப் படிக்க அனுப்பினார் என்றுதான் படும். காடியில் கொண்டுபோய் விட்டார் என்பதற்கு 'மை ஃபாதர் ட்ராப்ட் மீ ஆஃப்'. திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போனார் என்பதற்கு 'ஹி பிக்ட் மீ அப்'.

இங்கே வால் மாறினால் வம்பு. என் வகுப்புத் தோழி ஒருத்தி தாமதமாக வந்து விரிவுரையாளரிடம், அப்பா வாசலில் விட்டார் என்று சொல்ல நினைத்து, "ஐ ட்ராப்ட் அவுட், டாக்டர்" என்றாள். 'ட்ராப் அவுட்' என்றால் படிப்பைப் பாதியில் நிறுத்துவது. அவர் பதறிப்போய் அவளை உட்காரவைத்து, "குடும்பத்துல ஏதும் பிரச்சினையா?" என்று விசாரித்தார். இன்னைக்கும் நாங்க அவளை அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம்.

மீ, ஹிம், ஹர், அஸ், தெம், இட் போன்ற சின்னச் சொற்கள் வந்தால் அவை நடுவில் உட்காரணும். 'ட்ராப் மீ ஆஃப்' சரி, 'ட்ராப் ஆஃப் மீ' தவறு. பெயர் வந்தால் இரண்டு இடமும் சரி: 'ட்ராப் மை சிஸ்டர் ஆஃப்', 'ட்ராப் ஆஃப் மை சிஸ்டர்'. ஆனால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்' வண்டியைக் குறிக்கும்போது இந்தப் பிரிவு கிடையாது. 'கெட் ஆன் இட்' என்றுதான் வரும்.

அடுத்தது 'ஃபாலோ'. 'கேன் ஐ ஃபாலோ யூ டு த டெம்பிள்?' என்றால், பின்னாலேயே தொடர்ந்து வரட்டுமா என்று அர்த்தம். துப்பறியும் படத்தில் வரும் வசனம் மாதிரி இருக்கும். கூட வரட்டுமா என்பதற்கு 'கேன் ஐ கம் அலாங்?' போதும். 'அலாங்' என்ற வாலுக்கு இங்கே 'கூடவே' என்று பொருள்.

மூன்றாவது 'கோ பேக்'. சாயங்காலம் ஐந்து மணிக்கு 'ஐ வான்ட் டு கோ பேக் ஆல்ரெடி' என்று சொல்றோம். அது 'பாலிக்' என்ற மலாய்ச் சொல்லின் நிழல். வீட்டுக்குப் புறப்படுகிறேன் என்பதற்கு 'ஐம் ஹெடிங் ஹோம்' அல்லது 'ஐம் கோயிங் ஹோம்'. விட்டு வந்த இடத்துக்கே மறுபடி போகும்போது 'கோ பேக்' பொருத்தம்: 'ஐ லெஃப்ட் மை ஃபோன் இன் த லேப், ஐ ஹேவ் டு கோ பேக்.'

நம்ம வீட்டில் இப்படிப் பேசுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களோட நானும் அப்படித்தான் பேசுறேன். இரண்டும் தெரிந்திருக்கணும், இடம் பார்த்து மாற்றத் தெரியணும்.

ஏமாற்றும் வால்

என்னைக் கவிழ்த்த 'அப்'புக்கு வருவோம். 'அப்' என்றால் மேலே என்று மட்டும் படித்தால் என் கதிதான். அதற்கு இன்னொரு வேலை உண்டு: ஒன்றை நெருங்குவது. 'எ மேன் கேம் அப் டு மீ' என்றால் ஒருவர் என் அருகில் வந்தார். மேலே எதுவும் ஏறவில்லை. 'கேட்ச் அப்' என்றால் முன்னால் போனவரை எட்டிப் பிடிப்பது. 'எ டாக்சி புல்ட் அப்' என்றால் டாக்சி வந்து நின்றது. 'பேக் அப்' என்றால் வண்டியைப் பின்னால் எடு. இதில் திசையைச் சொல்வது 'பேக்' என்ற முதல் சொல். வழக்கத்துக்கு மாறானது இது. ஆகவே தனியாக நினைவில் வைங்க.

'ஓவர்' என்ற வாலும் அடிக்கடி வரும். 'கம் ஓவர்' என்றால் எங்க வீட்டுப் பக்கம் வா. 'மூவ் ஓவர்' என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார். 'புல் ஓவர்' என்றால் வண்டியைச் சாலையோரம் நிறுத்து. மூன்றிலும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுவது இருக்கு.

'ஆஃப்' என்றால் ஒட்டியிருந்த இடத்தை விட்டு விலகுவது. 'செட் ஆஃப்' என்றால் பயணம் புறப்படுவது, 'டேக் ஆஃப்' என்றால் விமானம் தரையை விட்டு எழும்புவது.

பத்துமலைக்கு ஒரு பயணம்

இப்போது எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்ப்போம். நம்ம எல்லாருக்கும் தெரிந்த பயணம்தான். கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துக்கொண்டே சொல்லிப் பாருங்க.

விடியற்காலை புறப்பட்டோம்: 'வி செட் ஆஃப் ஏர்லி.' அப்பா கே.எல். சென்ட்ரலில் கொண்டுபோய் விட்டார்: 'அப்பா ட்ராப்ட் அஸ் ஆஃப் அட் கே.எல். சென்ட்ரல்.' கொமுட்டர் ரயிலில் ஏறினோம்: 'வி காட் ஆன் த டிரெயின்.' பத்துமலை நிலையத்தில் இறங்கினோம்: 'வி காட் ஆஃப் அட் பத்து கேவ்ஸ்.'

முருகன் சிலையைக் கடந்து நடந்தோம்: 'வி வாக்ட் பாஸ்ட் த ஸ்டாச்சு.' 272 படிகள் ஏறினோம்: 'வி வென்ட் அப் த ஸ்டெப்ஸ்.' பாட்டி பின்தங்கிட்டார்: 'பாட்டி ஃபெல் பிஹைண்ட்.' நாங்க நின்றோம், அவர் வந்து சேர்ந்துக்கிட்டார்: 'ஷி காட் அப் வித் அஸ்' என்று நான் ஒருமுறை எழுதினேன். தவறு. 'கெட் அப்' என்றால் எழுந்திருப்பது. 'ஷி காட்' என்பதை 'ஷி காட்ச்' என்றும் இழுக்கக்கூடாது. 'கேட்ச்' என்பதன் இறந்தகாலம் 'காஃட்' இல்லை, 'கோட்' என்பதற்கு நெருக்கமான நீண்ட ஒலி. ஆகவே சரியான வாக்கியம்: 'ஷி கோட் அப் வித் அஸ்.'

ஒரு குரங்கு என் பக்கத்தில் வந்தது: 'எ மங்கி கேம் அப் டு மீ.' வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிடுச்சு: 'இட் ரேன் ஆஃப் வித் மை பனானா.' குகைக்குள் போனோம்: 'வி வென்ட் இன்டு த கேவ்.' தரிசனம் முடிந்து கீழே வந்தோம்: 'வி கேம் டவுன்.' வீட்டுக்குத் திரும்பினோம்: 'வி ஹெடட் ஹோம்.'

ஒரு நல்ல செய்தி. மேலே நிற்கிறவர் 'கம் அப்' என்பார், கீழே நிற்கிறவர் 'கோ அப்' என்பார். தமிழில் 'மேல வா', 'மேல போ' மாதிரியேதான். இதற்குத் தனியாக விதி படிக்க வேண்டாம்.

உடம்பு நகராமல் நகர்வது

இதே சொற்கள் மனதுக்கும் படிப்புக்கும் பயன்படும். படியில் பின்தங்கிய பாட்டிக்குச் சொன்ன 'ஃபால் பிஹைண்ட்' பாடத்தில் பின்தங்கியவனுக்கும் பொருந்தும். எட்டிப் பிடிப்பது அங்கேயும் 'கேட்ச் அப்'தான். கஷ்டத்தைக் கடந்து வருவது 'கெட் த்ரூ'. துக்கத்திலிருந்து மீள்வது 'கெட் ஓவர்'. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது 'ரன் இன்டு'. உடம்பின் நகர்வு புரிந்தவங்களுக்கு இவை தானாகப் புரியும். மூவெட் தேர்வில் கேட்டல், பேசுதல் இரண்டும் உண்டு. இந்தச் சொற்கள் அங்கே கைகொடுக்கும்.

பயிற்சி

கோடிட்ட இடத்துக்கு வால் சொல்லைச் சொல்லுங்க. விடையைப் பார்க்கும் முன் எட்டையும் முடிங்க.

1. மோட்டாரிலிருந்து இறங்கு: கெட் ____ த பைக்.
2. டாக்சியில் ஏறினார்கள்: தே காட் ____ த டாக்சி.
3. என்னைக் கோயிலில் இறக்கிவிடு: ட்ராப் மீ ____ அட் த டெம்பிள்.
4. நானும் கூட வரலாமா?: கேன் ஐ கம் ____ ?
5. வண்டியை ஓரமாக நிறுத்து: புல் ____ .
6. ஒரு போலீஸ்காரர் எங்கள் அருகில் வந்தார்: எ போலீஸ்மன் கேம் ____ டு அஸ்.
7. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்: த சில்ட்ரன் ரேன் ____ .
8. லோரியைப் பின்னால் எடு: பேக் ____ த லோரி.

விடைகள்: 1. ஆஃப் 2. இன் 3. ஆஃப் 4. அலாங் 5. ஓவர் 6. அப் 7. அவுட் 8. அப்

எட்டாவதில் தவறியவங்க கவலைப்பட வேண்டாம். நானும் அதில்தான் தவறினேன்.

கடைசியாக ஒன்று. அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் நான் அந்தப் பொறியாளரிடம் போய், 'பேக் அப்' எனக்குப் புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இனிமேல் கையால் சைகை காட்டியபடியே சொல்கிறேன், புரியாவிட்டால் நீ கையைத் தூக்கு, வண்டி நகராது என்றார். மீதி எட்டு வாரமும் நான் பல தடவை கையைத் தூக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டெக்னீஷியனுக்கு என் முதல் மாத அலவன்சில் ஒரு கருவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் விடவில்லை.

தம்பி தங்கைகளே, இந்த வால் சொற்களை ஒரே நாளில் பிடிக்க முடியாது. வாரத்துக்கு ஐந்து எடுத்துக்குங்க. பஸ்ஸில் ஏறும்போது, படியில் இறங்கும்போது, வாய்க்குள் சொல்லிப் பாருங்க. வேலையிடத்தில் ஒரு சொல் புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே கேளுங்க. கேட்டால் ஒரு நிமிஷம் முகம் சிவக்கும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்துட்டேன்.